துறை: குழித்துறை

இன்று காலையும் அந்தப் படகுப் பயிற்சிப் படிவம் திரும்பி வந்துவிட்டது. மூன்றாவது தடவை. பெயர் சரி, ரத்த வகை சரி, வயது 57 என்பதையும் பெரிய மனசு பண்ணி ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ‘துறை’ என்ற கட்டத்தைச் சுற்றி மட்டும் சிவப்புக் கோடு. அதில் நான் எழுதியிருந்தது: குழித்துறை.

இதில் என்ன தப்பு? படகு துழாவப் பழக வேண்டும் என்று வருகிற மனுசனிடம் துறை எது என்று கேட்டால், எந்தத் துறையில் இறங்கப் போகிறாய் என்றுதானே அர்த்தம்? ஆடி அமாவாசைக்கு ஊரே இறங்கிக் குளிக்கிற துறை அது. அதைவிடத் தகுதியான துறை ஒன்று இந்த மாவட்டத்தில் உண்டா?

முதல் தடவை திரும்பி வந்தபோதே போன் போட்டேன். எடுத்த தம்பிக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. “சார், அது இடம் இல்ல, டிசிப்ளின். ஸ்பிரிண்ட்டா, ஸ்லாலமா, மாரத்தானா, கனூ போலோவா, ஸ்டாண்டப் பேடிலா?”

“தம்பி, நான் இன்னும் படகிலேயே ஏறலை.”

“ஏறதுக்கு முன்னாலதான் சார் சொல்லணும்.”

பத்தாம் வகுப்பு முடித்த கையோடு ஒருத்தர் இப்படித்தான் கேட்டார், பர்ஸ்ட் குரூப்பா தேர்ட் குரூப்பா என்று. அன்றைக்கு வாயில் வந்ததைச் சொன்னேன். அதன் பலனை ஓய்வுபெறப் போகிற வயதுவரை அனுபவித்துக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை ஏமாறக் கூடாது என்று ஒரு மாதம் ராத்திரி ராத்திரியாக வீடியோ பார்த்துத் தேர்ந்துவிட்டேன். துடுப்புப் படகில் நமக்கேற்ற துறையைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதை இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன்னால், சாமான்கள் வாங்கியாகிவிட்டது. ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட், தண்ணீர் புகாத பை, தண்ணீருக்குள் போடுகிற செருப்பு, போனைக் கழுத்தில் கட்டித் தொங்கவிடுகிற உறை. ஏன் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். உங்கள் வீட்டு மாடியிலும் ஒரு கியர் சைக்கிள் வேட்டி காயப்போட நின்றுகொண்டிருக்கும். எங்கள் வீட்டு யோகா பாயில் மரச்சீனி வத்தல் நன்றாகக் காய்கிறது. வீட்டுக்காரி லைஃப் ஜாக்கெட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “இதுல எத காயப்போடது?” என்று மட்டும் கேட்டாள்.

படி ஒன்று. கயாக்கா, கனூவா?

கயாக் என்றால் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு முனையிலும் தட்டு வைத்த துடுப்பால் இடமும் வலமுமாகத் துழாவுவது. கனூ என்றால் முட்டுக்குத்தி நின்று, ஒற்றைத் தட்டுத் துடுப்பால் ஒரே பக்கமாகத் துழாவுவது. ஸ்பிரிண்ட் கனூவில் ஒரு முட்டு, ஸ்லாலம் கனூவில் இரண்டு முட்டும்.

இந்த முட்டு விஷயத்தைக் கொஞ்சம் பேசவேண்டியிருக்கிறது.

நான் அஞ்சாம் வகுப்பு படிக்கையில் கணக்கு வாத்தியார் வெள்ளிக்கிழமைதோறும் எங்களை வராந்தாவில் முட்டுக்குத்தி நிற்கவைப்பார். சிமெண்டுத் தரை. அதிலும் மணல் கிடக்கும். மணல் இல்லாத இடமாகப் பார்த்து நகர்ந்தால் பிரம்பு. பெல் அடிக்கிறவரை நின்றிருக்கிறோம், இரண்டு முட்டிலும். அது தண்டனை என்று நினைத்து அழுதோம். இப்போதுதான் தெரிகிறது, அது ஸ்லாலம். படகு ஒன்றுதான் குறைச்சல். 1936 பெர்லினிலேயே ஒலிம்பிக்கில் கனூவைச் சேர்த்துவிட்டார்கள். இந்தத் தகவலை வாத்தியார் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எங்கள் வகுப்பிலிருந்து நாலு பேராவது தேறியிருப்போம்.

பெண்களுக்கு முட்டுக்குத்தித் துழாவுகிற போட்டி 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாக வந்தது. அதுவரை அவர்களுக்குக் கயாக் மட்டுந்தான். அவர்களால் முட்டில் நிற்க முடியாது என்று எவன் முடிவு பண்ணினான்? கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். எழுபது வயதுக் கிழவிகள் கல்தரையில் முட்டுக்குத்தி முழுச் செபமாலையும் முடித்துவிட்டு, முனகல் இல்லாமல் எழுந்து, பஸ்ஸில் இடம் பிடிக்க ஓடுகிறார்கள். ஆளுக்கொரு துடுப்பு கொடுத்தால் போதும்.

நம் முட்டுக்கு வருவோம். பந்தியில் பாய் விரித்துச் சாப்பிட்ட காலத்தில் இது நல்ல முட்டுதான். கல்யாண மண்டபங்களில் மேசை போட்டார்கள். முட்டு சொகுசு கண்டுகொண்டது. வீட்டில் வெஸ்டர்ன் கக்கூஸ் கட்டினோம், அதோடு தீர்ந்தது. போன மாதம் சுசீந்திரத்தில் ஆஞ்சநேயர் முன்னால் ஒரு வேகத்தில் விழுந்து கும்பிட்டுவிட்டேன். எழுப்பிவிட இரண்டு பேர் வரவேண்டியதாயிற்று. அதில் ஒருவர், “பெரிய வேண்டுதலோ?” என்று பக்தியோடு கேட்டார். எலும்பு டாக்டரோ, சம்மணம் போடாதீர், குந்தாதீர், முட்டுக்குத்தாதீர் என்று எழுதியே கொடுத்திருக்கிறார். அந்தச் சீட்டில் விட்டுப்போனது துடுப்பு ஒன்றுதான்.

சரி, கயாக்குக்கே போய்விடலாம் என்றால் அதுவும் அப்படி. ஒற்றை ஆள் ஸ்பிரிண்ட் கயாக் 5.2 மீட்டர் நீளம், 12 கிலோ எடை. அகலம் இடுப்பளவு. ஆனால் அது என் இடுப்பு இல்லை. ஏறின நிமிஷமே கவிழ்த்துவிடுமாம். அதுதான் முதல் பாடமாம். உட்கார்ந்தால் கவிழ்கிறது, முட்டுக்குத்தினால் எழ முடிவதில்லை. ஹாங்சோ ஆசியப் போட்டியில் அர்ஜுன் சிங்கும் சுனில் சிங் சலாமும் ஒற்றை முட்டில் நின்று ஆயிரம் மீட்டர் துழாவி வெண்கலம் வாங்கினார்கள். எல்லாரும் அவர்கள் கையைப் பாராட்டினார்கள். நான் முட்டைத்தான் பார்த்தேன்.

மற்ற துறைகளை அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்லாலமில் தொங்குகிற கம்பங்களுக்கு நடுவே வெள்ளத்தில் வளைந்து வளைந்து போகவேண்டும். கம்பத்தைத் தொட்டால் 2 விநாடி அபராதம், வாசலை விட்டால் 50 விநாடி. வடசேரியிலிருந்து கோட்டாறுக்கு ஸ்கூட்டரில் போகிறவர்களுக்குத் தனிப் பயிற்சி தேவையில்லை. மாரத்தானில் பாதி வழியில் படகைத் தூக்கிக்கொண்டு கரையில் ஓடவேண்டும். படகு எதற்கு என்ற கேள்விக்குப் பதில் இல்லை. நின்றபடி துழாவுகிற துறையில் கோவளத்து சேகர் பச்சை பெரிய ஆள். நம்மூர்க் கோவளமும் இல்லை, கேரளத்துக் கோவளமும் இல்லை, சென்னைக் கோவளம். எங்கே துழாவுவது என்று கேட்காதீர்கள். அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் இருந்தது. சாமி, ராணி, ராஜா என்று மூன்று பேர் பெயரை வைத்தும் அது கன்னியாகுமரி வரைக்கும் போய்ச்சேரவில்லை. இருக்கிற கொஞ்சத்தில் ஆகாயத்தாமரை.

போன ஞாயிற்றுக்கிழமை தோவாளைப் பக்கம் ஒரு குளத்தில் ஒருவர் தாமரை பறித்துக்கொண்டிருந்தார். சாக்கில் பொதிந்து கயிறு போட்டுக் கட்டிய தெர்மாகோல் தெப்பம், கதவு அளவுக்குத்தான் இருக்கும். அதன்மேல் ஒரு முட்டைக் குத்தி, மறுகாலை முன்னால் ஊன்றி நிற்கிறார். கையில் சீவிய தென்னை மட்டை. வலப்பக்கம் மட்டுமே துழாவுகிறார். தெப்பம் நேராகப் போகிறது! ஒற்றைப் பக்கம் துழாவி நேரே போவது எப்படி என்று நான் எட்டு வீடியோ பார்த்திருக்கிறேன்.

கரைக்கு வந்ததும் கேட்டேன், “முட்டு வலிக்காதா?”

“வலிக்கும்.”

“பின்ன?”

“பூவு நடுக்குளத்துலல்லா கெடக்கு.”

விடவில்லை நான். “அண்ணாச்சி, உங்க துறை எது?”

அவர் யோசிக்கவே இல்லை. மட்டையால் காட்டினார். “அந்தா, அந்தப் படித்துறைதான்.”

நாலாவது தடவையாகப் படிவத்தை அனுப்பிவிட்டேன். துறை: படித்துறை. சிவப்புக் கோடு போடட்டும்.

படிப்படியாகச் சொல்கிறேன் என்றேன். முதல் படியிலேயே முட்டு பிடித்துக்கொண்டது, மன்னிக்கவும். வீட்டில் ஒரு லைஃப் ஜாக்கெட் இருக்கிறது. ஆரஞ்சு நிறம், பெரிய அளவு, ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதில்லை. பாதி விலைக்குத் தருகிறேன். உங்கள் துறை எது என்று கேட்கமாட்டேன்.