வகுக்கத் தெரிந்தவர்களே, வாழ்க!

நாடுகளின் புகையை அளந்து, யார் எவ்வளவு குறைத்தார்கள் என்று தரவரிசை போடும் பொருளியல் அறிஞர்களே, உங்கள் கணக்குத் திறமைக்குக் குமரி மாவட்டத்துப் புதுக்கடையிலிருந்து ஒரு கும்பிடு.

மொத்தப் புகையை எதால் வகுத்தால் யாருக்கு நல்ல பெயர் வரும் என்பது உங்களைப்போல் வேறு யாருக்குத் தெரியும்? தலைக்கு என்று வகுத்தால் அமெரிக்கருக்கு ஆண்டுக்குச் சுமார் 14 டன் கரியமில வாயு, இந்தியருக்கு 2 டன். அது உதவாதென்று நாட்டின் வருமானத்தால் வகுத்தீர்கள். ஒரு டாலருக்கு எவ்வளவு புகை என்று கேட்டதுமே தராசு மறுபக்கம் சாய்ந்துவிட்டது! கியோட்டோ ஒப்பந்தத்தை உதறிய அன்றைய அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ், இந்த விகிதத்தைத்தான் பத்தாண்டில் 18 சதவீதம் குறைப்பதாக 2002இல் அறிவித்தார். வருமானம் வேகமாக வளர்ந்தால் போதும். புகையும் கூடும், இலக்கும் நிறைவேறும். இப்படியொரு இலக்கை வகுக்கச் சாமானிய மூளை போதாது. தில்லியும் நல்ல மாணவர்தான். 2005ஐ அடிப்படையாக வைத்து 2030க்குள் 45 சதவீதம் என்று நாம் கொடுத்த வாக்கும் இதே விகிதத்தில்தான்.

உங்கள் கணக்கின் கூர்மையை எங்கள் பக்கத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் பார்க்கலாம். அவுட்போர்டு எஞ்சின் பூட்டிய வள்ளத்தில் மண்ணெண்ணெய் கேனோடு சாளைக்குப் போகிறவர் கரைக்கு வருகிறார். அன்றைக்கென்று ஏலத்தில் சாளை பாதி விலைக்குப் போகிறது. எரித்த எண்ணெய் அதேதான், வருமானம் பாதி. ஒரு சொட்டுக்கூட அதிகம் எரிக்காமலேயே, ரூபாய்க்கு இரண்டு மடங்கு புகைவிடும் மனிதராக அவர் ஆகிவிட்டார். யாரும் கண்டிராத இந்தக் குற்றத்தைக் கண்டுபிடித்தது உங்கள் வகுத்தல்தான்! அந்தக் கடலிலேயே தொலைவில் சரக்குக் கப்பல்கள் போகின்றன. நாடுவிட்டு நாடு போகும் கப்பல் எரிக்கும் எண்ணெய் எந்த நாட்டின் மொத்தக் கணக்கிலும் சேராது, தனிக் குறிப்பாக ஒதுங்கி நிற்கும். வள்ளத்து மண்ணெண்ணெயோ இந்தியாவின் பேரில் ஏறிவிடும். பெரிய கப்பலைத் தாண்டிச் சின்ன வள்ளத்தைப் பார்க்கும் கண் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

உங்கள் துணிவும் சாதாரணமானதல்ல. பருவநிலை மாற்றத்தின் இழப்பை மதிப்பிட உயிருக்கே விலை போட்டீர்கள். பணக்கார நாட்டு உயிர் 15 லட்சம் டாலர், ஏழை நாட்டு உயிர் ஏறத்தாழ அதில் பத்தில் ஒரு பங்கு. 1995இல் ஐ.நா.வின் காலநிலைக் குழு அறிக்கைவரை ஏறிய கணக்கு அது. 2017 நவம்பரில் ஒக்கிப் புயல் ஆட்களை வாரிக்கொண்டுபோன சின்னத்துறைக்கும் வள்ளவிளைக்கும் வந்து, அந்த விலைப்பட்டியலை வீட்டு வாசலில் நின்று வாசிக்கவும் உங்களால் முடியும்.

ஏழையின் நெல்வயலிலிருந்து எழும் மீத்தேனும் பணக்காரர் கார் விடும் புகையும் ஒன்றா என்று சூழலியலாளர்கள் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991இலேயே கேட்டார்கள். பிழைப்புக்கு ஒரு பத்தி, ஆடம்பரத்துக்கு ஒரு பத்தி என்று பிரித்து எழுதினாலே போதும். நாடுகள் கையெழுத்திட்ட பாரிஸ் ஒப்பந்தத்தில்கூட அந்தக் கோடு விழாமல் பார்த்துக்கொண்டவர்களின் மன உறுதிக்கு இன்னொரு கும்பிடு.