பொட்டலவியல்: தேயிலைத்தூளோடு கடல் கடத்தல் குறித்து ஒரு முன்னாய்வு

1. ஆய்வின் தேவை

கொழும்பிலிருந்து வரும் ஏ4 வீதியில், இரத்தினபுரிக்குச் சற்று முன்னால் இருக்கும் குருவிட்ட, உலகப் பயண இலக்கியத்தில் இன்னும் உரிய இடத்தைப் பெறவில்லை. பக்கத்துப் பட்டதொம்பலென குகையை அகழ்ந்தவர்கள், 30,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மனிதர் வாழ்ந்ததைக் கண்டார்கள். நுண்கற்கருவிகளோடு கடற்சிப்பி மணிகளும் கிடைத்தன. மலையடிக் காட்டுக்குள் கடற்சிப்பி வந்தது எப்படி? தொல்லியலாளர் கரையோரத் தொடர்பு, பண்டமாற்று என்று நீண்ட விளக்கம் தருவர். இவ்வாய்வாளரின் முடிபு சுருக்கமானது: கடலோரத்துச் சொந்தக்காரர் யாரோ கொடுத்தனுப்பியிருக்கிறார். பதிலுக்கு இவர்கள் என்ன கொடுத்தனுப்பினார்கள் என்பதே விடுபட்ட கேள்வி. அப்போது தேயிலை வேறு இல்லை.

2. பயணிகளின் வகைப்பாடு

இப்பகுதித் தோட்டங்களிலிருந்து வெளிநாடு போவோர் மூவகையினர். கோயில் யாத்திரை போகும் கோஷ்டிப் பயணி, குருசாமி நடக்கச் சொன்னால் நடப்பார், உட்காரச் சொன்னால் உட்காருவார். மத்திய கிழக்குக்குப் போகும் ஏஜென்சிப் பயணியைப் பற்றி விளையாட்டாக எழுத எனக்கு மனமில்லை. தானே விசா எடுத்து, தானே டிக்கெட் போட்டு, தானே வழிதவறும் தனிப்பயணியே இவ்வாய்வின் பொருள்.

3. காலப் பகுப்பு

முதலாவது துண்டுக் காலம். தோட்டத்து எண் பொறித்த தகரத் துண்டோடு, கங்காணியின் பின்னால், மண்டபம் முகாமில் அடைபட்டுக் கிடந்து இலங்கைக்குக் கப்பலேறிய காலம். டிக்கெட், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அடங்கிய முழுச் சுற்றுலா அது. கடன் மட்டும் தனி.

இரண்டாவது ஒப்பந்தக் காலம். 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரான நம்மை எந்த நாட்டுக்கும் உரியவராக்காமல் விட்டது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கேயே என்று பிரித்தார்கள். மீந்த 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தியோடு சரிபாதியாகப் பங்கிட்டார்கள். இக்காலத்துக்குரிய டிக்கெட் ஒருவழி டிக்கெட்.

மூன்றாவது பொட்டலக் காலம். எஞ்சியவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையைத் தந்து முடித்தபின், சொந்தக் கடவுச்சீட்டோடு போய், போன காரியம் முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பி வருகிற காலம். முதலிரண்டு காலங்களைப் பற்றி நூல்கள் மலிந்து கிடக்கின்றன, மூன்றாவதைச் சீண்டுவாரில்லை. மலையகத்தாரின் பெயர்வை ஆராய்ந்தவர்கள் கட்டுரை வாசிக்கப் போன நாடுகள், மலையகத்தார் பெயர்ந்து போன நாடுகளைவிட அதிகம் இருக்கும். லயத்துக்கு வந்து, அப்பாயி கையால் தேத்தண்ணி குடித்து, “இன்னும் சொல்லுங்கம்மா” என்று ஒலிப்பதிவுக் கருவியை நீட்டியவர்கள் யாரும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. அவர்கள் அடிக்குறிப்பில் அப்பாயியும் இல்லை, அவர் கட்டிக் கொடுத்த பொட்டலமும் இல்லை.

தமிழ்நாட்டுப் பயண முன்னோடிகளும் உதவவில்லை. கோட்டையூர் ஏ.கே. செட்டியார் 1930களில் கண்டம் கண்டமாகச் சுற்றிக் காந்தியைப் பற்றிய படச்சுருள்களைத் திரட்டி, 1940இல் படமாக வெளியிட்டார். அவர் தோட்டத்திலிருந்து கிளம்பியிருந்தால் பெட்டியில் படச்சுருளுக்கு ஏது இடம்?

4. பொட்டலம்

தூள் இருவகை. தோட்டத்தில் மாதாமாதம் கொடுக்கும் தூள் குடிப்பதற்கு. டவுனில் காசுக்கு வாங்கும் தூள் கொடுப்பதற்கு (வாய்மொழி, பீலியடி).

குருவிட்ட, 600 மீற்றருக்குக் கீழே விளையும் தாழ்நிலத் தேயிலைக்குரிய பிரதேசம். இதன் சாயம் கறுத்து, கடுத்து இறங்கும். இலை பெரிதாகத் தெரியும்படி செய்யும் ரகங்களை மத்திய கிழக்கிலும் ரஷ்யாவிலும் விரும்பி வாங்குகிறார்கள். அரபிக்கும் ரஷ்யனுக்கும் பிடித்தது சின்னம்மாவுக்குப் பிடிக்காதா என்று தனிப்பயணி அதையே வாங்கிக்கொண்டு கோத்தகிரிக்குப் போகிறார். சின்னம்மா அதைப் பாலும் சீனியுமாகக் கொதிக்கவைக்கிறார். வடிகட்டி அடைத்துக்கொள்கிறது. “என்னப்பா, கசாயம் போடவா அக்கா குடுத்தனுப்புனா?” ஆகவே தமிழ்நாட்டு அடுப்புக்கு டஸ்ட் தூளே எடுத்துப் போக வேண்டும். இந்த ஒரு விதிக்காகவாவது இவ்வாய்வு அச்சேறத் தகும்.

கோத்தகிரியை உதாரணமாக எடுத்ததற்குக் காரணம் உண்டு. ஒப்பந்தத்தில் அனுப்பப்பட்டவர்களுக்கு வேலை தரத் தமிழ்நாடு அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. அதுவே இன்றைய டான்டீ. ஆக, சின்னம்மாவும் கொழுந்து பறிப்பவர், பயணியின் அம்மாவும் கொழுந்து பறிப்பவர். இவர் அவருக்குக் கடல்தாண்டித் தேயிலை அனுப்புகிறார். அவர் பதிலுக்கு நீலகிரித் தூளைக் கட்டிக் கொடுக்கிறார். இரு மலைகளிலும் தூள் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. விமானக் கம்பனி மட்டும் பிழைக்கிறது.

இது ஏன் நிகழ்கிறது? அறிஞர் மூன்று கட்சியாகப் பிரிந்து கிடக்கிறார்கள். பாசம் என்பது வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்தார் கொள்கை (வாய்மொழி, பெரட்டு, மழை விட்டபின்). கடன் என்பது தேநீர்க்கடையார் கொள்கை (கடை பெஞ்சு, இடது கோடி, இரண்டாம் பிளேன்டீக்கும் மூன்றாவதற்கும் இடையில், வலது கோடி இதை வன்மையாக மறுத்தது, காசு யார் கொடுப்பது என்ற கேள்வி எழுந்ததும் உடன்பட்டது). மூன்றாம் கட்சி மிக ஆழமானது: அங்கே கிடைக்காத பொருளைக் கொண்டுபோனால் விலை கேட்பார்கள், அங்கேயே கிடைக்கும் பொருளென்றால் மனசை மட்டும் பார்ப்பார்கள் (மாமியார், சமையற்கட்டுப் பேருரைகள், இரண்டாம் தொகுதி, “மருமகளுக்குச் சொல்லாமல் சட்டிக்குச் சொன்னவை” என்னும் இயல், திருத்திய பதிப்பு மறுநாள் விடியற்காலை, சத்தம் கூட்டப்பட்டது, மகன் எழுதிய மறுப்புரை கைப்பிரதியாகவே நின்றுவிட்டது).

சுங்கத்தாரின் பார்வை வேறு. சென்னையில் ஓர் அதிகாரி பொட்டலத்தை அமுக்கிப் பார்த்துக் கேட்டார்: “இவ்ளோ டீத்தூள் யாருக்கு?”

“சொந்தக்காரங்களுக்கு சார்.”

“அவங்க எங்க இருக்காங்க?”

“தேயிலைத் தோட்டத்துல சார்.”

அவர் நெடுநேரம் என்னைப் பார்த்தார். இத்துறையில் இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை இவ்வாய்வாளர் எதிர்கொண்டதில்லை.

5. சில்லறைக் குறிப்புகள்

கைக்கடிகாரத்தைத் திருத்த வேண்டாம். இரு நாட்டுக்கும் நேரம் ஒன்றே. நம் சதுரப்பின் சார்ஜர் அங்கே நுழையாது, உருண்டைப்பின் அடாப்டர் வேண்டும். கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கு எழுத்து அப்படியே விசாவிலும் இருக்கட்டும். பிறப்புச் சான்றிதழில் பதிவாளர் உங்களுக்கு வைத்த பெயரோடு சண்டை போட விமான நிலையம் இடமல்ல. தேயிலை பக்கத்திலிருக்கும் வாசனையை இழுத்துக்கொள்ளும். சவர்க்காரத்தோடும் கருவாட்டோடும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். கருவாட்டைக் கேட்டதும் அதே சின்னம்மாதான் என்பது வேறு விஷயம்.

6. மேலாய்வுக்குரியவை

வீடு வந்த நீலகிரித் தூளை யாரும் உடைத்துக் குடிப்பதில்லை. பக்கத்துக் காம்பராவில் அடுத்து இந்தியா கிளம்புகிறவருக்குக் கைமாறுகிறது. அவர் அதைக் கோத்தகிரியில் கொடுக்கிறார். அங்கிருந்து அது திரும்பவும் கிளம்புகிறது. ஆகவே, பொட்டலத்தின் அடியில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து அனுப்புமாறு தனிப்பயணிகளைக் கேட்டுக்கொள்கிறேன். மூன்று புள்ளியுள்ள பொட்டலம் ஒன்று அகப்பட்டதாகத் தகவல். அதை நேரில் ஆராய்ந்து லண்டனில் கட்டுரை வாசிப்பதற்கு நிதி கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன்.