கேமிங் கணினிப் பொருளதிகாரம்

குறைந்த செலவில் வீட்டிலேயே பூட்டும் கேமிங் கணினிக்குப் பாகம் தெரிவது பற்றித் தமிழில் முறையான இலக்கணம் இல்லை. அக்குறையைப் போக்க எழுந்ததே இவ்வாய்வு. பொருள் என்றால் பணம் என்றும் பண்டம் என்றும் கொள்ளலாம். முன்னது போதாது, பின்னது விலை அதிகம் என்பது நம் கருதுகோள்.

தொல்காப்பியர் வகுத்த முதல், கரு, உரி என்னும் பாகுபாடு இங்கும் செல்லும். முதற்பொருள் நிலமும் பொழுதும். நிலம், சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. பொழுது, விலை இறங்கும் நாள்; அது எப்போதும் இன்றாக இருப்பதில்லை. 2021இல் கிரிப்டோ நாணயம் தோண்டுவோர் கிராபிக்ஸ் கார்டுகளை அள்ளிப் போனார்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் அந்தத் தோண்டலையே கைவிட, உழைத்துக் களைத்த கார்டுகள் பழைய சாமானாகச் சந்தைக்குத் திரும்பின. அப்பாடா என்று உட்காருவதற்குள், 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவின் பசியால் ராம் விலை ஏறியது. ‘பொறுத்தால் மலியும்’ என்னும் கொள்கையினர் இன்னும் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கருப்பொருளில் தெய்வம், கிராபிக்ஸ் கார்டு. காணிக்கையில் பெரும்பங்கு அதற்கே. பிராசஸர் பூசாரி, அவர் மெலிந்தவராக இருந்தால் தெய்வம் எவ்வளவு பெரிதானாலும் அருள் வந்து சேராது. ஏ.எம்.4 பிராசஸர் ஏ.எம்.5 மதர்போர்டில் உட்காராது. ஜாதகம் பார்த்துப் பழகிய நமக்கு இது விளங்காததன்று. ராமை 16 ஜிபி ஒற்றையாக வாங்குவதா, எட்டெட்டாக இரண்டா என்பதில் ஐயமே வேண்டாம்: இரண்டு. அவற்றையும் நான்கு ஸ்லாட் போர்டில் ஒன்றுவிட்டு ஒன்றில் செருக வேண்டும். அடுத்தடுத்துச் செருகினால் இரண்டும் ஒரே சேனலில் முட்டிக்கொண்டு நிற்கும்.

அறிஞர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் எஸ்.எம்.பி.எஸ். பணம் பற்றவில்லை என்றால் எல்லாரும் முதலில் கைவைப்பது இதில்தான். எரிந்தால் மற்ற பாகங்களையும் உடன்கட்டை ஏற்றக்கூடியதும் இதுதான். மலிவுப் பெட்டியின் மேல் ‘450 வாட்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது உரையாசிரியர் கூற்று. மூலபாடம் லேபிளின் ஓரத்தில், 12 வோல்ட் கட்டத்தில், பொடி எழுத்தில் கிடக்கிறது. அங்கே 18 ஆம்பியர் என்றிருந்தால் பன்னிரண்டால் பெருக்குக: 216 வாட். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரிதும் உண்பது இந்தக் கட்டத்திலிருந்துதான். மீதி வாட்டெல்லாம் புலவர் கற்பனை.

இங்கே மிச்சம் பிடித்த பணம் எங்கே போகிறது என்றும் ஆராய்ந்தோம். வண்ண விளக்குள்ள ஃபேன்களுக்குப் போகிறது. விளக்கு எரிந்தால் எஃப்.பி.எஸ். கூடும் என்பது நாட்டார் நம்பிக்கை, சான்று கிடைக்கவில்லை.

கடைக்காரர் வாயால் சொன்ன விலைக்கும் பில்லில் வரும் விலைக்கும் நடுவே 18 சதவீத ஜி.எஸ்.டி. என்றோர் இடைச்செருகல் உண்டு. பில் வேண்டாம் என்றால் அது மறையும், கூடவே வாரண்டியும்.

உரிப்பொருள் இரங்கல். இது பொதுவாக அப்பாவிடம் தொடங்குகிறது.

“எதுக்குடா இவ்வளவு?”

“எடிட்டிங் ப்ராஜெக்ட்டுக்குப்பா.”

இவ்வுரையாடல் எல்லாச் சுவடிகளிலும் பாடபேதமின்றிக் காணப்படுகிறது.

இனி கள ஆய்வு. இவ்வாய்வாளர் வயிற்றைக் கட்டி 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினார். 60 ஹெர்ட்ஸில் ஒரு காட்சிக்கு ஏறத்தாழ 16.7 மில்லிசெகண்ட், 144இல் சுமார் 6.9, வேறுபாடு கண்கூடு என்று ஐந்து மாதம் எல்லாரிடமும் சொல்லிவந்தார். மானிட்டர் செட்டிங்ஸில் 60இலேயே நிற்பதைக் கண்டுபிடித்தவன் பக்கத்து வீட்டு ஏழாம் வகுப்புப் பையன்.