ஓநாய் படம் போட்ட மூட்டை

வாடா பேராண்டி. கார்ல இருந்து முதல்ல நாத்தம் இறங்குச்சு, அப்புறம் நாய்க்குட்டி, கடைசியா நீ. வயிறு முட்டத் தீனி போட்டுக் காரவள்ளியில இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏத்துனியாக்கும்? பஸ்ல வர்ற மனுசனே பாதி மலையில ஜன்னல் ஓரம் இடம் தேடுவான். மூணு மாசக் குட்டி என்ன பண்ணும், பாவம். உன் சட்டையைத் தேடியிருக்கு.

பின்சீட்டுல என்னது அது, உர மூட்டையா? நாய்த் தீனியா! அடேங்கப்பா, மேல ஓநாய் படம். பனியில நின்னு நிலாவைப் பார்த்து ஊளையிடுது. இந்தப் பக்கம் உன் ஸ்கூபியைப் பாரு, நம்ம வீட்டுச் சேவலைப் பார்த்துட்டு உன் காலுக்குள்ள பூந்துக்கிச்சு. ரெண்டும் ஒரே சாதிதான், ஒத்துக்கறேன்.

என்னென்ன எழுதியிருக்கு, படி. முடி பளபளக்குமா, எலும்பு உரமேறுமா, மூளை வளருமா, பல்லு வெளுக்குமா, வயிறு சுத்தமாகுமா. நம்ம வல்வில் ஓரி ஒரே அம்புல யானை, புலி, மான், பன்னி, உடும்புன்னு அஞ்சைத் தைச்சான்னு செம்மேட்டுல சிலை வெச்சிருக்கோம். இந்தக் கம்பெனிக்காரனும் ஒரே உருண்டையில அஞ்சைத் தைக்கிறான். ஆறாவதா உன்னையும் தைச்சிருக்கான், அது மூட்டையில எழுதலை.

அப்புறம் அது என்ன, பெரிய எழுத்துல? கிரெயின் ஃப்ரீயா? தானியமே இல்லாததா? இதைச் சாமையும் தினையும் கேழ்வரகும் விளையற மலைக்குத் தூக்கிட்டு வந்திருக்கியே, உன் துணிச்சலுக்கு ஒரு சொம்பு மோர் குடுக்கணும். ஓநாய் தானியம் திங்காது, அதனால நாயும் திங்கக் கூடாதுன்னு கடைக்காரன் சொன்னானாக்கும். உன் தங்கச்சி நாமக்கல்ல மாட்டு டாக்டருக்குப் படிக்குதில்ல, அது ஒரு நாள் சொல்லுச்சு. 2013ல சுவீடன் நாட்டு ஆளுங்க ஓநாயோட மரபணுவையும் நாயோட மரபணுவையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தாங்களாம். மாவுப்பண்டத்தைக் கரைக்கிற மரபணு ஓநாய்க்கு ரெண்டே ரெண்டு பிரதி. நாய்க்கு நாலுல இருந்து முப்பது வரைக்கும். மனுசன் வாசல்ல கஞ்சிக்குக் காத்துக்கிடந்தே வயித்தை மாத்திக்கிச்சு. ஓநாய் அப்படிக் காத்துக்கிடக்கலை, அதான் இன்னும் பனியில நின்னு ஊளையிடுது.

தானியத்தை எடுத்துட்டா அந்த இடத்துல என்ன போடுவான்? காத்தையா அடைப்பான்? பட்டாணி, பருப்பு, உருளை. சிலதுல நம்ம குச்சிக்கிழங்கு மாவு. நாம லாரியில ஏத்திச் சேகோ ஆலைக்கு அனுப்பறோமே, அந்தக் கிழங்கேதான். 2018ல அமெரிக்காவுல இந்த மாதிரித் தீனி தின்ன நாய்ங்க சிலதுக்கு இதயம் வீங்குதுன்னு அரசாங்கமே விசாரணைக்கு இறங்குச்சு. இதுதான் காரணம்னு ஆணி அடிச்சுச் சொல்லலை, அதையும் சொல்லிடறேன். தானியம் ஒத்துக்காத நாய்க்கு டாக்டர் எழுதிக் குடுத்தா வாங்கு. ஓநாய் படத்துக்காக வாங்காதே.

மூட்டையைத் திருப்பு. முன்பக்கம் மாப்பிள்ளை போட்டோ. ஜாதகம் பின்பக்கம். பொடி எழுத்தா இருக்கா? கண்ணாடி போட்டுப் படி. நாமக்கல்ல கோழித் தீவன மில்லுல மூட்டை தூக்குனவன்டா நான். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, தீவனம் தெரியும்.

முதல்ல கோழிக்கறின்னு போட்டிருக்கா? சந்தோசப்படாதே. எடை எது கூடுதலோ அதைத்தான் முதல்ல எழுதுவாங்க, ஆனா அது அரைக்கிறதுக்கு முன்னால இருந்த எடை. பச்சைக் கறியில முக்காப் பங்குக்குக் கிட்ட தண்ணி. சுட்டுக் காய வெச்சதும் கறி சுருங்கிக் கீழே போயிடும், பட்டாணி மேல வந்துடும். அதுக்கு 'கோழிக்கறித் தூள்'னு போட்டிருந்தா தேவலை. அது தண்ணி வத்துன சரக்கு. மில்லுல கருவாட்டுத் தூள் போடுவோமே, அந்தக் கணக்கு. இன்னொரு சூட்சுமம் இருக்கு. பட்டாணின்னு ஒண்ணு, பட்டாணி மாவுன்னு ஒண்ணு, பட்டாணி நார்னு ஒண்ணு, தனித்தனியா எழுதியிருக்கானா பாரு. மூணையும் சேர்த்தா அதுதான் மூட்டையில பெரிய பங்கு. சொத்தைப் பங்கு போட்டுப் பேர் மாத்தி எழுதற வித்தை. நம்ம ஊர்லயும் ரெண்டு பேருக்குத் தெரியும்.

புரோட்டீன் எவ்வளவு? 18ஆ? ஈரம்? 10. சரி, அதை மனசுல வெச்சுக்க. அதுக்கு அப்புறம் வர்றேன்.

உங்க பாட்டி அடுப்படியில இருந்து எட்டிப் பார்க்கறா. மூட்டையே வேண்டாம், களியும் பாலும் போதும்னு சொல்லுவா. அவ பேச்சையும் முழுசா எடுத்துக்காதே. கேழ்வரகுல சுண்ணாம்புச் சத்து இருக்கு, வாஸ்தவம். ஆனா உடம்புல ஒட்டவிடாத ஒரு சரக்கும் அதுலயே இருக்கு. வெறும் களியில வளர்ற குட்டிக்குக் கறியும் பத்தாது, கொழுப்பும் பத்தாது. பாலைக் கூடுதலாக் குடிச்சா வாசல் முழுக்கக் கோலம் போட்டுடும். அதைத் துடைக்க அவளும் வரமாட்டா. வெறும் கறியாப் போட்டாலும் ஆகாது, கறியில சுண்ணாம்பு இல்லை, கால் வளையும். அவ வளர்த்த நாய்ங்க களியில மட்டுமா வளந்துச்சு? காட்டுல எலி, அணில், பக்கத்து வீட்டு முட்டைன்னு மீதியை அதுங்களே பார்த்துக்கிச்சு. உன் ஸ்கூபி அடுக்குமாடியில எந்த எலியைப் பிடிக்கும்? அதுக்கு மூட்டைத் தீனி சரிதான். எந்த மூட்டைங்கறதுதான் பேச்சு.

இதுவும் இன்னைக்கு நேத்து வந்ததில்லை. 1860 வாக்குல லண்டன்ல ஸ்ப்ராட்னு ஒருத்தன், கப்பல்காரங்க வீசுன காஞ்ச பிஸ்கோத்தைத் துறைமுகத்து நாய்ங்க திங்கறதைப் பார்த்துட்டுத்தான் நாய் பிஸ்கோத்து விக்க ஆரம்பிச்சானாம். இப்போ வர்ற உருண்டை, மாவைப் பிசைஞ்சு முறுக்கு அச்சுல பிழியற மாதிரி மெசின்ல சூடாப் பிழிஞ்சு வெட்டறது. உங்க பாட்டிக்கு அந்த மெசின் குடுத்தா அவளும் ஓநாய் படம் போடுவா.

எவ்வளவு போடறே? கிண்ணம் நிறையவா? அது பார்க்கிறப்பல்லாமா? லாப்ரடார் பார்க்காத நேரம் ஏது? அந்தச் சாதிக்கு வயிறு நிறைஞ்ச சேதி தலைக்குப் போய்ச் சேர்றதே இல்லை. அமெரிக்காவுல 48 லாப்ரடார் குட்டியை ஜோடி ஜோடியாப் பிரிச்சு, ஒண்ணுக்குக் கால் பங்கு குறைச்சுப் போட்டு வளர்த்தாங்க. 2002ல கணக்கு வெளியாச்சு. குறைச்சுத் தின்னது ஏறக்குறைய 13 வருசம், கூடத் தின்னது 11 வருசத்துச் சொச்சம். இதைக் கேட்டு உங்க பாட்டி எனக்கும் கால் பங்கு குறைச்சுட்டா, அது வேற கதை. நீ குட்டியோட விலாவைத் தடவிப் பாரு. எலும்பு கைக்குத் தட்டுப்படணும், கண்ணுக்குத் தெரியக் கூடாது. நாளைக்கு மூணு நாலு வேளையாப் பிரிச்சுப் போடு. ஆறு மாசத்துக்கு மேல ரெண்டு வேளை போதும். புதுத் தீனிக்கு மாத்தறப்போ பழசோட கலந்து ஒரு வாரம் பத்து நாள்ல மாத்து. காலையில அது போடறதைக் குனிஞ்சு பாரு, மூக்கைச் சுளிக்காதே. கெட்டியா, கொஞ்சமா இருந்தா மூட்டை நல்ல மூட்டை.

மலிவாக் கிடைக்குதுன்னு மூட்டை மூட்டையா வாங்கிக் குவிக்காதே. மூடுபனி இறங்கற ஊர்ல இருந்து சொல்றேன், பூசணம் எங்களுக்குச் சொந்தக்காரன் மாதிரி, சொல்லாம வருவான். 1960ல இங்கிலாந்துல லட்சம் வான்கோழிக்கு மேல செத்துச்சு. என்ன நோய்னு தெரியாம 'எக்ஸ்'னு பேர் வெச்சாங்க. பார்த்தா கடலைப் புண்ணாக்குல பூத்த பூசணத்து விசம். மில்லுல மக்காச்சோளம் வந்தா முதல்ல கையை விட்டு ஈரம் பார்ப்போம், அந்தப் பயந்தான். 2005ல அமெரிக்காவுல நாய்த் தீனியிலயே மக்காச்சோளம் வழியா அந்த விசம் ஏறி நாய்ங்க செத்துச்சு. ஒரு மாசத்துக்கு ஆகறதை வாங்கு, வாயை இறுக்கிக் கட்டிக் காஞ்ச இடத்துல வை. காரல் வாடை வந்துச்சுன்னா காசு போகுதேன்னு பார்க்காதே.

ஆமா, குட்டியை அவுத்து விட்டா காப்பித் தோட்டத்துப் பக்கம் போக விடாதே. காப்பிக்கொட்டை நாய்க்கு ஆகாது. வெங்காயம், திராட்சை, உன் பையில இருக்கிற சாக்லேட்டு, எதுவும் ஆகாது. பலாக்கொட்டையை முழுங்கினா குடல்ல அடைக்கும்.

இப்போ அந்த 18க்கு வருவோம். நூறுல 10 ஈரம் போனா மீதி 90. 18ஐ 90ஆல வகுத்து நூறால பெருக்கு. 20 வருதா? வளர்ற குட்டிக்கு ஈரம் கழிச்சு 22.5க்குக் கீழே போகக் கூடாதுன்னு அமெரிக்கத் தீவன அதிகாரிகள் சங்கம் வெச்சிருக்கு, உன் தங்கச்சி நோட்டுல இருக்கு. வளந்த நாய்க்கு 18 போதும். அப்போ இது யாருக்கு ஆன தீனி? மூட்டையோட அடியில, தையலுக்கு மேல ஏதோ ஒரு சொல் இருக்குது பாரு, எறும்பு மாதிரி. எழுத்துக் கூட்டிப் படி.

அடல்ட்டா? அப்படின்னா? வளந்ததுக்கா?

அட, போனாப் போகுது, முகத்தைத் தொங்கப் போடாதே. குட்டிக்குன்னு போட்டதா, பெரிய சாதிக் குட்டிக்குன்னு போட்டதா கீழ போய் வாங்கிக்க. அந்தச் சாதிக்குச் சுண்ணாம்புச் சத்து கூடினாலும் ஆகாது, அதையும் பார்த்து வாங்கு. அதுவரைக்கும் பாட்டி கோழிக்கறியும் சாமைச் சோறும் குழைய வேக வெச்சுக் குடுப்பா, ரெண்டு நாளைக்கு ஒண்ணும் ஆகாது. வளைவுல இறங்கறப்போ பாரம் எதுக்கு, மூட்டையைத் திண்ணையிலயே வெச்சுட்டுப் போ. நம்ம வீட்டு நாய் கருவாயனுக்கு இந்தத் தையோட ஏழு வயசு. நீ காரை நிறுத்துனதுல இருந்து அவன் அந்த மூட்டையைத்தான் பார்த்துட்டு இருக்கான். நானும்தான்.