பொறம்போக்கு விளையாட்டு

ஏலே பேராண்டி, இப்படி வந்து திண்ணையில உக்காரு. மூஞ்சியப் பாத்தா வரப்புத் தகராறுல ஒரு சாண் நெலத்த விட்டுக்குடுத்துட்டு வந்தவன் மாதிரி இருக்கு. என்ன சங்கதின்னு கேட்டா, காசு போட்டு வாங்கின கம்ப்யூட்டர் கேமுல சுடுததுக்குத் துப்பாக்கி இல்ல, சுட்டா விழுததுக்கு ஆளில்ல, மார்க்கு இல்ல, லெவல் இல்ல, சும்மா நடக்க மட்டும்தான் விடுதான், 'இதெல்லாம் ஒரு கேமே கெடையாது தாத்தா, காசத் திருப்பிக் கேக்கப் போறேன்'னு குதிக்கே.

ரொம்பச் சரி. நான் உன் கட்சி. நாளைக்கே வி.ஏ.ஓ.வையும் சர்வேயரையும் கூட்டியாந்து சங்கிலி போட்டு அளந்துருவோம். துப்பாக்கி வச்சிருக்க ஆட்டத்துக்கெல்லாம் பட்டா. பந்து வச்சிருக்கதுக்குப் பட்டா. காரு ஓட்டுததுக்குக் கூட்டுப் பட்டா. மிச்சம் அம்புட்டும் பொறம்போக்குன்னு எழுதிக் கல்லு நட்டுருவோம். ஆனா நெலத்தப் பாக்காமக் கையெழுத்துப் போடக்கூடாதுல்லா? அதான் நீ டியூஷன் போன நேரத்துல நானே உள்ள போயி ஒருக்கா பாத்துட்டு வந்தேன்.

'புரோட்டியஸ்'னு பேரு. 2013ல வந்தது, எட் கீ, டேவிட் கனாகான்னு ரெண்டே பேரு செஞ்சதுன்னு நீதான சொன்னே. கண்ணு முழிச்சா கடல் தண்ணிக்குள்ள நிக்கேன், எதுத்தாப்புல ஒரு தீவு. டபிள்யூ கட்டையை அமுக்கினா நடக்கேன். என்ன செய்யணும்னு ஒருத்தனும் சொல்லல. எனக்கு அதுவே பாதி சந்தோசம். இந்த வீட்டுல எந்திரிச்சதுல இருந்து படுக்குத வரைக்கும் எனக்கு யாராவது ஒண்ணு சொல்லிக்கிட்டேதான இருக்கீங்க.

மரமெல்லாம் கட்டங்கட்டமா, ஆச்சி போட்ட மாக்கோலம் பாதி அழிஞ்ச மாதிரி இருக்கு. எனக்கு இருக்க கண்ணுக்கு ஊரும் அப்படித்தான் தெரியுது, அதனால வித்தியாசம் தெரியல. ஆனா காது இருக்கே, அது வேற கதை. மரத்துப் பக்கம் போனா ஒரு சுதி, மழை பேஞ்சா ஒரு சுதி, மேட்டுல ஏறினா வேற ஒண்ணு. ஒரு தவளை கெடந்தது. கிட்டப் போனா தாவுது, தாவும்போது அதுக்குன்னு ஒரு நாதம். நானும் அது பின்னாலயே போனேன். அது போக்குல அது, என் போக்குல நான். ராத்திரியானா வெளிச்சப் பொட்டு பொட்டா ஒரு இடத்துல கூடிச் சுத்துது. அதுக்கு நடுவுல போயி நின்னா நாளு ஓடி அடுத்த பருவம் வந்துருது. வசந்தம், கோடை, எலை உதிருத காலம், பனி. பனிக்காலத்து முடிவுல காலு தரைய விட்டுக் கெளம்பி, மேல மேல போயி, கண்ணு மூடிருது. அம்புட்டுத்தான். ஒரு மணி நேரங்கூட ஆகல. மறுபடி தொறந்தா பழைய தீவு இல்ல, புதுசா வேறொரு தீவு.

'எத்தனை பாயிண்ட் எடுத்தீங்க தாத்தா'ன்னு நக்கலாக் கேட்டே. தவளை கணக்கு வைக்கலலே.

சரி, உன் சட்டத்துக்கே வாரேன். விளையாட்டுன்னா ஜெயிக்கணும், இல்ல தோக்கணும். அதுக்குத் தெறமை வேணும். அப்படித்தான? உங்க ஆச்சி வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்ணு முழிக்கப் பரமபதம் ஆடுவா. கட்டைய உருட்டுததத் தவிர அவ செஞ்சது என்ன? பாம்பு கடிச்சதும் ஏணி ஏறுனதும் அவ தெறமையா? கட்டை விழுந்தபடி அவ போனா. அதுக்கு நீ பட்டா குடுப்பே, ஏன்னா கடேசில ஒருத்தி மேல போயிச் சேந்துட்டா. சரி, உன் தங்கச்சி கொட்டாங்குச்சியில மண்ணள்ளிப் போட்டுச் சோறாக்கி நம்ம எல்லாத்துக்கும் பரிமாறினாளே, அதுல யாரு ஜெயிச்சா? ஊஞ்சல் ஆடினவன் எந்த ஊருக்குப் போயிச் சேந்தான்? டாக்டரு என்னை வாக்கிங் போகச் சொல்லிருக்காரு. திரும்பி வந்ததும் 'யாரு ஜெயிச்சது'ன்னு எந்தக் கிறுக்கனாவது கேட்டானா?

இந்தச் சண்டை நம்ம வாயில பொறந்ததே இல்லலே. இங்கிலீஸ்காரன் பிளேங்கதுக்கு ஒரு சர்வே நம்பர், கேமுங்கதுக்கு ஒரு சர்வே நம்பர்னு ரெண்டா வெட்டி வச்சிருக்கான். நடுவுல வாய்க்கா ஓடுது. வாய்க்கா இருந்தா வம்பும் இருக்கும். நம்ம ஊருல ரெண்டும் ஒரே புஞ்சை. விளையாட்டுன்னு ஒத்தச் சொல்லுல முடிச்சிட்டுச் சாப்பிடப் போயிருவோம்.

அங்கயும் ஒழுங்கா அளந்து பாத்த ஆளு உண்டு. டென்மார்க்குக்காரரு ஜெஸ்பர் யூல், 2005ல 'ஹாஃப் ரியல்'னு ஒரு புத்தகம் போட்டு, எது கேமுன்னு ஆறு கல்லு நட்டாரு: விதி இருக்கணும், முடிவு மாறணும், அந்த முடிவுல நல்லது கெட்டது இருக்கணும், இப்படி. நட்டு முடிச்சிட்டுத் திரும்பிப் பாத்தா 'சிம் சிட்டி' வரப்பு மேல உக்காந்திருக்கு! ஊரையே கட்டிப் பரிபாலிக்குத கேமு, ஆனா அதுல ஜெயிக்கதுங்கதே இல்லைல்லா. அதைச் செஞ்ச வில் ரைட், விக்கப் போன இடத்துலயும் இதே கேள்விதான். ஜெயிக்கது எங்க, தோக்கது எங்கன்னு கேட்டுச் சரக்கை வாங்க மாட்டேன்னுட்டானாம். 1989ல வேற வழியா வெளிய வந்து, உலகமே அதுல ஊரு கட்டிச்சு. இன்னைக்கு அதைப் போயி கேமு இல்லன்னு உன்னால சொல்ல முடியுமா? மாட்டே. கொஞ்ச காலம் போனா பொறம்போக்குக்கும் பட்டா குடுத்துருவான். நம்ம ஊருல தேர்தலுக்குத் தேர்தல் பாக்கோம்லா.

இந்த மாதிரி கேமுக்கு 'வாக்கிங் சிமுலேட்டர்'னு பட்டப்பேரு வச்சது வையததுக்குத்தான்னு சொன்னே. அந்தப் பேரு எங்கேருந்து ஒட்டிக்கிட்டுதுன்னு பாத்தா, 'டியர் எஸ்தர்' மேலதான் கைகாட்டுதாவ. இங்கிலாந்துல போர்ட்ஸ்மவுத் யுனிவர்சிட்டியில டான் பின்ச்பெக்குங்கவரு 2008ல ஒரு குறும்பு பண்ணிருக்காரு. 'ஹாஃப் லைஃப் 2'ன்னு ஒரு சுடுத ஆட்டம். அதுல இருந்து துப்பாக்கிய உருவிட்டாரு. எதிரியயும் எடுத்துட்டாரு. மிச்சம் என்ன? ஒரு தீவு, நடக்குத காலு, எஸ்தருங்கவளுக்கு எழுதின கடுதாசியத் துண்டு துண்டா வாசிக்குத ஒரு கொரலு. 2012ல அதை மெருகேத்திக் கடைக்குக் கொண்டாந்தா, மொத நாளே 16,000 பேருக்கு மேல வாங்கிட்டாவ. துப்பாக்கி இல்லாத கடையில அம்புட்டுக் கூட்டம்!

எனக்கு அது அவ்வளவாப் பிடிக்கல, அதையும் சொல்லிருதேன். நடக்க விட்டவன் சும்மா நடக்க விடணும். அந்தக் கொரலு கல்யாண வீட்டுல பக்கத்து எலைக்காரன் மாதிரி தொணதொணன்னு வருது. பொறம்போக்குன்னா எல்லாம் நல்ல எடம்னு நான் சொல்லல. சீமைக்கருவேலம் மண்டிக் கெடக்குததும் பொறம்போக்குதான். ஒண்ணுமில்லாததை ஒண்ணுமில்லாம செஞ்சு, கேட்டா 'கலை'ன்னு சொல்லுதவனும் இருக்கான். அவனுக்கு உன் கோவம் தகும்.

காசு விசயத்துலயும் உன் பக்கம் நியாயம் இருக்கு. ஒரு மணி நேரத்துல முடியுததுக்கு இம்புட்டு வெலையான்னு கேக்கே. அதுக்குத்தான் ஸ்டீம் கடைக்காரன் 2015ல இருந்து வழி வச்சிருக்கானாம்: வாங்கி 14 நாளைக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்குக் கம்மியா ஆடியிருந்தா, கேள்வியில்லாமக் காசு திரும்பி வருமாம். நீதான் வாசிச்சுக் காட்டினே. புரோட்டியஸை ஒரு நடை நடந்து முடிச்சுட்டுக் கூடத் திருப்பிக் குடுக்கலாம். பந்தியில பாயாசம் வரைக்கும் நக்கிட்டு உப்பில்லன்னு மொய்யத் திருப்பிக் கேக்க மாதிரி. செய்யி, உன் இஷ்டம்.

பெல்ஜியத்துல ஒரு புருசன் பொண்டாட்டி, ஔரியா ஹார்வி, மிகாயேல் சமீன். 2008ல 'தி கிரேவ்யார்ட்'னு ஒண்ணு செஞ்சாவ. ஒரு கெழவி கம்பூணி மயானத்துக்குள்ள நடந்து போறா, பெஞ்சில உக்காருதா, ஒரு பாட்டு ஓடுது, எந்திரிச்சு வாரா. அம்புட்டுத்தான் ஆட்டம். சும்மா குடுக்குத சாம்பிளுக்கும் காசுக்கு விக்குததுக்கும் ஒரே ஒரு வித்தியாசம்: காசு குடுத்தா அந்தக் கெழவி செத்தும் போகலாம். சாவுக்குத் துட்டு வாங்கினது மொத மொத அவாதான்னு நெனைச்சேன், அப்பறம் டவுன் ஆசுபத்திரி ஞாபகம் வந்துச்சு. அவா 2015ல 'சன்செட்'னு ஒண்ணு பெருசாச் செஞ்சு, வந்த புதுசுல சுமார் 4,000தான் வித்துருக்கு. இனி விக்குததுக்கு கேமே செய்ய மாட்டோம்னு கடையச் சாத்திட்டாவ. நீ சந்தோசப்படு, உன் கட்சி அங்க ஜெயிச்சிருச்சு.

ஒண்ணே ஒண்ணு மட்டும் நீ பாக்கணும், அது சும்மாவே கெடைக்குது. ஜேசன் ரோரர்னு ஒருத்தரு 2007ல செஞ்ச 'பாசேஜ்'. அஞ்சு நிமிசம். படம் முழுக்க ஒரு ரிப்பன் மாதிரி, பக்கவாட்டுல 100 புள்ளி, ஒசரத்துல 16 புள்ளி. நியூயார்க் மியூசியம் ஆஃப் மாடர்ன் ஆர்ட்காரன் 2012ல மொத தடவையா 14 கேமை வாங்கி வச்சான்லா, அதுல பேக்மேன், டெட்ரிஸ் வரிசையில இந்தத் துண்டு ரிப்பனும் ஒண்ணு. நீ கேட்ட பாயிண்டு இதுல உண்டுலே! பெட்டி பெட்டியாப் பொக்கிசமும் உண்டு. ஒரு பய எடது பக்கம் இருந்து நடக்கான். வழியில ஒரு பொண்ணு நிக்கா. தொட்டா கூடவே வந்துருவா. அவ கூட நடந்தா பாயிண்டு ரெட்டிப்பு. ஆனா பொக்கிசம் கெடக்குத இடுக்குச் சந்துல ஒத்தையாள்தான் நுழைய முடியும், சோடியா முடியாது. இதைச் செஞ்சவனுக்குக் கல்யாணம் ஆயிருக்கணும்னு அங்கனயே தெரிஞ்சிருச்சு எனக்கு.

நடக்க நடக்கத் தல நரைக்குது. முன்னால கெடந்த வழி சுருங்கி, பின்னால விட்டு வந்தது நீளுது. ஒரு இடத்துல அவ நின்னுருதா; பாத்தா கல்லு. அதுக்கப்பறம் கட்டைய எம்புட்டு அமுக்கினாலும் அவன் பழைய வேகத்துல நடக்க மாட்டேங்கான். கொஞ்ச நேரத்துல அவனும் கல்லு. பாயிண்டு மேல எழுதித்தான் இருந்துச்சு, நான் பாக்கல. உங்க ஆச்சி போயி ஆறு வருசமாச்சு. வாக்கிங்ல நீயெல்லாம் 'ஏன் தாத்தா இப்படி ஊருதீங்க'ன்னு கேக்கேல்லா.

அது கெடக்கட்டும். நம்ம ஊருல நீ சின்னதுல ஆடின எடமெல்லாம் எதுன்னு நெனைச்சுப் பாத்தியா? கண்மாய்க்கரை, களம், கோயிலுக்குப் பின்னால அந்த மேய்ச்சக்காடு. ஒண்ணுக்காவது பட்டா உண்டா? பட்டா நெலத்துல ஆடினா அடி விழுந்துருக்கும். பருத்தி ஒடிஞ்சிருச்சுன்னு வெரட்டிட்டு வந்தவனே நான்தான். நீங்க கூட்டமா ஓடிப்போயி நின்னது அம்புட்டும் பொறம்போக்குலதான்.

சரிலே, நேரமாச்சு, போயிப் படி. அந்தத் திருப்பிக் குடுக்குத பொத்தானை நீ இன்னைக்கு ராத்திரியே அமுக்கப் போறதா உங்க அம்மா சொன்னா. அமுக்கு, நான் தடுக்கல. ஆனா வராது. ஒருக்காத்தான் போயிப் பாத்தேன்னு சொன்னது பொய்யி. நீ டியூஷன் போன நாளெல்லாம் போயிருக்கேன், ரெண்டு மணி நேரம் முந்தாநேத்தே தாண்டிருச்சு. கடேசியா எறங்கின தீவுல இப்போ எலை உதிருத காலம். அந்த எடத்த அப்படியே போட்டோ புடிச்சு வச்சா, அந்தப் படத்துக்குள்ள இருந்தே மறுபடி அந்தத் தீவுக்குப் போலாமாம்லா, அதையும் ஒண்ணு புடிச்சு வச்சிருக்கேன். கம்ப்யூட்டர்ல தவளை படம் கெடந்தா அழிச்சிராதே.