சுவிட்ச் யார் கையில்? அடுக்ககத் தமிழரின் அகவாழ்வில் ஸ்மார்ட் கருவிகள் குறித்து ஓர் ஆராய்ச்சி

இவ்வாய்வின் எல்லை சென்னைப் புறநகரில் உள்ள இரண்டு படுக்கையறை ஃபிளாட். வில்லாக்களும் தனி பங்களாக்களும் இதில் சேரா. பணம் தாராளமாகப் புழங்கும் இடத்தில் பயன் உண்டா இல்லையா என்ற கேள்வியே எழுவதில்லை. கருதுகோள் இது: வீட்டில் ஆணையிடுபவர் ஒருவரே என்று நம்பி வடிவமைக்கப்பட்டவை ஸ்மார்ட் கருவிகள். தமிழ்க் குடும்பத்திலோ ஆணையிடாதவர் என்று யாரும் கிடையாது, ஒன்றரை வயதுக் குழந்தை உட்பட.

வீட்டுக்குள் நடப்பதால் பொருள் அகத்திணையைச் சேர்ந்தது. ஹால் மருதம், ஃபேன் வேகத்தை முன்னிட்டு ஊடல். குளியலறை வாசல் முல்லை. தோளில் துண்டோடு காத்திருத்தல். பால்கனி நெய்தல், தண்ணீர் லாரி வரும் திசை நோக்கி இரங்கல். மிச்சமுள்ள இரண்டு திணைக்கும் ஏசி போட்ட அறை ஒன்றுதான். இருபத்து நாலா இருபத்தாறா என்ற பேச்சு எழும்வரை அது குறிஞ்சி, எழுந்த பின் பாலை.

முதலில் பல்பை எடுத்துக்கொள்வோம். ஸ்மார்ட் பல்பு வேலை செய்ய, சுவரில் உள்ள சுவிட்ச் இருபத்து நாலு மணி நேரமும் போட்டபடியே இருக்க வேண்டும். இதைக் குடும்பத் தலைவரிடம் யார் சொல்வது? அறையை விட்டு வெளியே வரும்போதே கை தானாக சுவிட்ச் போர்டுக்குப் போகும் தலைமுறை அவருடையது. அவர் அணைத்த மறுநொடி பல்புக்கு நினைவு தப்பிவிடுகிறது. மகனின் போனில் ‘ஆஃப்லைன்’ என்று வருகிறது.

“அப்பா, அந்த சுவிட்சைத் தொடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?”

“லைட்டை அணைக்காம? கரண்ட் பில்லை உங்க தாத்தாவா வந்து கட்டுவாரு?”

தகராறு விளக்கைப் பற்றியது என்று மேலோட்டமாகப் பொருள் கொள்ளலாகாது. சுவரில் எல்லார் கைக்கும் எட்டும்படி இருந்த அதிகாரம், பாஸ்வேர்டு தெரிந்த ஒருவரின் சட்டைப்பைக்குள் போய்விட்டது. நடந்திருப்பது ஆட்சி மாற்றம்.

பில் விஷயத்திலும் அப்பா பக்கம் நியாயம் இருக்கிறது. 9 வாட் எல்இடி பல்பு தினம் ஒரு மணி நேரம் யாரும் இல்லாத அறையில் வீணாக எரிந்தால், இரண்டு மாதத்தில் 0.54 யூனிட் போகும். இந்த விரயத்தைத் தடுக்க வந்த ஸ்மார்ட் பல்பு, வெளிச்சம் தராமல் கட்டளைக்குக் காத்திருக்கும் நேரத்திலும் மின்சாரம் தின்னும். அது அரை வாட் என்றே வைத்துக்கொண்டாலும், தினம் பத்தொன்பது மணி நேரக் கணக்கில் இரண்டு மாதத்துக்கு 0.57 யூனிட். மறதி மலிவு. போதாததற்கு, நள்ளிரவில் போன கரண்ட் மூன்று மணிக்குத் திரும்பினால், யாரோ சுவிட்ச் போட்டதாக எண்ணி முழு வெளிச்சத்தில் எரியத் தொடங்கும் பல்புகள் பல உண்டு. செட்டிங்கில் மாற்றலாம் என்பார்கள். மூன்று மணிக்கு யார் மாற்றுவது?

பேச்சுக்குக் கட்டுப்படும் ஸ்பீக்கர் பற்றிச் சுருக்கமாக. அமேசான் எக்கோ 2017-இல் இந்தியாவுக்கு ஆங்கிலத்தோடு வந்தது. 2019-இல் இந்தி சேர்ந்தது. இருமொழிக் கொள்கைதான், ஆனால் அண்ணா சொன்ன இரண்டு மொழி அல்ல. 1965-இல் கல்லூரி மாணவராக இருந்த தாத்தா, ஃபேனைக் குறைக்க எழுந்து நடந்து ரெகுலேட்டரைத் திருகுவதையே கொள்கையாகக் கொண்டிருக்கிறார். முழங்காலுக்கும் நல்லது.

ஃபேன் என்றதும் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். பழைய ஃபேன் ஏறக்குறைய 75 வாட் எடுக்கும்; பிஎல்டிசி மோட்டார் உள்ள ஸ்மார்ட் ஃபேனுக்கு 30 வாட் அளவே போதும். தினம் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 32 யூனிட் மிச்சம். குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம், வரம்பைத் தாண்டினால் கணக்கே வேறு என்றிருக்கும் தமிழ்நாட்டில் இது சின்ன விஷயமல்ல. ஆனால் மிச்சப்படுத்துவது மோட்டார். மாலையை வாங்கிக்கொள்வது செயலி. செயலி இல்லாத, சாதா ரிமோட் உள்ள பிஎல்டிசி ஃபேனும் அதே 32 யூனிட்டைத்தான் மிச்சம் பிடிக்கும்.

ஆய்வாளரின் மனம் இளகிய ஒரே இடம் கீசர். நம் ஃபிளாட்டுகளில் கீசர் சுவிட்ச் பெரும்பாலும் குளியலறைக்கு வெளியே இருக்கும்; போடுபவர் ஒருவர், குளிப்பவர் ஒருவர், அணைக்க வேண்டியவர் யார் என்பதில் கருத்தொற்றுமை இல்லை. ஊருக்குக் கிளம்பி, வீட்டைப் பூட்டி, தாம்பரம் ஸ்டேஷனில் ரயில் ஏறி உட்கார்ந்த பிறகே அந்தக் கேள்வி பிறக்கிறது: “கீசரை அணைச்சீங்களா?” 2000 வாட் கீசர் தொடர்ந்து அரை மணி ஓடினால் ஒரு யூனிட். தெர்மோஸ்டாட் இருக்கிறது, சூடானதும் தானே நின்றுகொள்ளும் என்ற அறிவியல் விளக்கம் அந்நேரத்தில் எடுபடாது. 16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக் எடுபடும். போனில் பார்த்து, அணைத்து, மனைவியிடம் காட்டிவிட்டால் செங்கல்பட்டு வருவதற்குள் கட்டுச்சாதத்தைப் பிரித்துவிடலாம். காசு கொடுத்து வாங்கத் தக்கது இந்த நிம்மதி.

ஆயுள் என்று ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் 300 டாலருக்கு விற்ற ரிவால்வ் என்ற வீட்டு ஸ்மார்ட் பெட்டியை, அந்தக் கம்பெனியை வாங்கிய நெஸ்ட் 2016 மே மாதம் நிறுத்தியது. சர்வர் மூடியதும் பெட்டி வெறும் பிளாஸ்டிக். கல்யாணச் சீராக வந்த ஃபேன் இன்னும் சுற்றும் வீடுகள் நம்மிடையே இருக்கின்றன.

அடுக்ககத்துக்கு உண்மையில் பயன்படும் ஸ்மார்ட் கருவி மொட்டை மாடியில், வெயிலில் கிடக்கிறது. மேல்தொட்டியில் நீர்மட்டம் இறங்கினால் மோட்டாரைப் போட்டு, நிறைந்ததும் நிறுத்தும் கட்டுப்பாட்டுக் கருவி அது. வைஃபை வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், வாட்ச்மேன் தூக்கத்தை நம்பவும் வேண்டாம். விலையும் சொற்பமே, அத்தனை ஃபிளாட்டும் பங்கு போட்டால் யாருக்கும் வலிக்காது.

ஆகவே இந்தத் தொட்டிக் கருவி உங்கள் அசோசியேஷனில் இன்னும் இல்லையென்றால் அடுத்த கூட்டத்தில் எழுப்புங்கள். கீசருக்கு ஒரு பிளக் வாங்குங்கள். பழுதான ஃபேனை மாற்றும்போது பிஎல்டிசியாகப் பாருங்கள். பல்பை விட்டுவிடுங்கள், வாங்கியே தீருவேன் என்றால், செயலியை முதலில் அப்பாவின் போனில் ஏற்றிக் கொடுங்கள்.