காதுக்குள் அஜினமோட்டோ

கே: ஸ்பின்னிங் மில்லில் பதினாறு வருஷ வேலை. காது டெஸ்ட் எடுத்தால் நார்மல் என்கிறார்கள். ஆனால் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் பேசுவது புரியவில்லையே?
– வாசகர், வேடசந்தூர்

ப: டெஸ்ட் அறையில் ஒரே ஒரு 'பீப்'. பந்தியிலோ நாதஸ்வரம், நாற்காலி இழுக்கும் சத்தம், "ரசம் இங்கே வரலை!" இதற்கெல்லாம் நடுவில்தான் பக்கத்து இலைக்காரர்.

உட்காதில் நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள். அதில் ஒலியை மூளைக்கு அனுப்பும் உள் மயிர்ச்செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 3,500தான். மயிர் அசைந்தால் செல்லின் அடியில் குளூட்டமேட் என்ற ரசாயனம் சிந்தும். நரம்பு நுனியில் அதற்கென்றே இருக்கும் ஏற்பியில் அது பொருந்த வேண்டும். திண்டுக்கல் பூட்டும் அதன் சாவியும்தான். மணிக்கணக்கில் இரைச்சல் என்றால் குளூட்டமேட் அளவுமீறிக் கொட்டும், நரம்பு நுனி வீங்கும், இணைப்பே அறுந்தும் போகும். சாவிக்கொத்தையே பூட்டுக்குள் திணித்தால் லீவர் என்ன ஆகும்?

2009இல் அமெரிக்க ஆய்வாளர்கள் குஜாவாவும் லிபர்மனும் சுண்டெலிகளை இரண்டே மணி நேரம் இரைச்சலில் வைத்தார்கள். கேட்கும் திறன் பழையபடி திரும்பியது. ஆனால் கீச்சுச் சுருதிகளை வாங்கும் பகுதியில் பாதி வரை இணைப்புகள் போனது போனதுதான். மனிதரிலும் அப்படியே நடக்கிறதா என்று இன்னும் விவாதிக்கிறார்கள். நீங்கள் காத்திருக்க வேண்டாம். இரைச்சலுக்கு நடுவே பேச்சு புரிகிறதா என்று பார்க்கும் டெஸ்டும் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

கே: அஜினமோட்டோவும் குளூட்டமேட்தானே? பிரியாணியில் விழுந்தால் காது போகுமா?
– வாசகி, பேகம்பூர்

ப: பெயர்ப் பொருத்தம் சரி, மற்ற ஒன்பதும் இல்லை. தின்ற குளூட்டமேட்டில் பெரும்பங்கைக் குடலே எரித்துவிடும். ரத்தத்திலிருந்து உட்காதுக்குள் எதையும் லேசில் விடாத தடுப்பும் உண்டு. ஓட்டலில் காதுக்கு எதிரி, கல்லில் விழும் கொத்து புரோட்டா அடிதான்.

கே: பொட்டாசியம் காதுக்கு நல்லதாமே, சிறுமலைப் பழம் சாப்பிடலாமா?
– வாசகர், சின்னாளபட்டி

ப: மயிர் சாய்ந்ததும் செல்லுக்குள் பாய்வது பொட்டாசியம்தான். ஆனால் பொட்டாசியம் உள்ள அந்த உட்காது நீரைக் காதே சுரந்து அளவாக வைத்துக்கொள்கிறது. பழத்தை ருசிக்குச் சாப்பிடுங்கள்.

கே: செத்த மயிர்ச்செல் முளைக்காதா?
– வாசகர், நாகல்நகர்

ப: கோழிக்கு முளைக்கும். நமக்கு இல்லை.

கே: காதில் பஞ்சு வைத்தால் போதாதா? மில்லில் பஞ்சுக்கா பஞ்சம்!
– வாசகி, வடமதுரை

ப: பஞ்சு ஒப்புக்குத்தான். நுரை அடைப்பானை உருட்டி ஒல்லியாக்கி, காது மடலை மேலே இழுத்துச் செருகுங்கள். விரியும்வரை விரலால் அழுத்திப் பிடியுங்கள். உங்கள் குரலே கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்டால் சரியாக உட்கார்ந்துவிட்டது.